ஏவுகணை பறந்தால் யென் ஏறுமா, இறங்குமா?

#1 நிஷிகசாய்

எல்லோருக்கும் வணக்கம். நெடுநாள் சந்தேகம் ஒன்று.

2017 ஆகஸ்ட் 29. அப்போது ஜப்பானின் செண்டாய் நகரத்தில் இருந்தேன். காலை 6 மணி இருக்கும், போன் அலறியது. வடகொரியாவிலிருந்து ஏவுகணை வருகிறது, கட்டடத்துக்குள் போங்கள் என்று அரசு எச்சரிக்கை. அது ஹொக்கைடோவுக்கு மேலே பறந்து பசிபிக்கில் விழுந்தது. படபடப்பு அடங்கி அலுவலகம் போனால், பக்கத்து மேசைக்காரர் யென் ஏறிவிட்டது என்கிறார். டாலருக்கு 109 யென் இருந்தது 108.3 வரை வந்திருந்தது (இந்த எண் குறைந்தால் யென் ஏறுகிறது என்று பொருள்). எந்த நாட்டின் தலைக்கு மேல் ஏவுகணை பறந்ததோ, அந்த நாட்டின் பணத்தையே எல்லோரும் ஓடிப்போய் வாங்கியிருக்கிறார்கள்!

சரி, இதுதான் உலக வழக்கம் போல என்று விட்டுவிட்டேன். 2022 அக்டோபர் 4, மறுபடி அதே அலறல். இந்த முறை அவோமோரிக்கு மேலே. யென் அசையவில்லை. 144, 145 என்று கிடந்த இடத்திலேயே கிடந்தது. உக்ரைன் போரும் நடந்துகொண்டிருந்த வருடம் அது. பயம் வந்தால் யென் ஏறும் என்றால் அந்த வருடம் வானத்துக்கு ஏறியிருக்க வேண்டும். ஜனவரியில் 115 இருந்தது, அக்டோபர் 21 அன்று 151ஐத் தாண்டியது. அதாவது யென் கால் பங்கு மதிப்பை இழந்தது.

பொழுது போகாமல் கேட்கவில்லை. மாதா மாதம் வீட்டுக்கு 1 லட்சம் யென் அனுப்புகிறேன். 2021 தொடக்கத்தில் அது 70,000 ரூபாயாகப் போய்ச் சேர்ந்தது. 2024 ஜூலையில் 52,000. அப்பா எதுவும் கேட்கவில்லை. அம்மாதான் "வேலையில ஏதும் பிரச்சினையாப்பா?" என்று இழுத்தார். நான் அனுப்பியது அதே 1 லட்சம்தான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரே ஏவுகணை, ஒரே நாடு. ஐந்து வருடத்தில் என்ன மாறியது?


#2 மெழுகுவர்த்தி

சகோ, செய்தியைப் பார்த்துக் குழம்பாதீர்கள். எல்லாமே சார்ட்டில் இருக்கிறது. 2015இல் 125.8இல் ஒரு மேல்தடை, விலை அதைத் தாண்ட முடியாமல் திரும்பியது. ஏழு வருடம் தாங்கியது. 2022 ஏப்ரலில் உடைந்தது. உடைந்த அன்றே அடுத்த நிறுத்தம் 150 என்று இங்கேயே எழுதினேன், தேடிப் பாருங்கள். போர், ஏவுகணை எல்லாம் டிவிக்காரர்கள் பிறகு தேடிக் கண்டுபிடிக்கிற காரணம்.


#3 பழைய டீலர்

தம்பி மெழுகுவர்த்தி, தடை உடைந்தது சரி. உடைத்தது யார்?

நான் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணி அறையில் 22 வருடம் உட்கார்ந்தவன். எங்கள் தலைமை டீலர் காலையில் வந்ததும் செய்தித்தாளைத் தொடமாட்டார். ஒரே கேள்வி: "இன்னைக்கு வாங்கியே ஆகணும்னு இருக்கிறவன் யாரு, வித்தே ஆகணும்னு இருக்கிறவன் யாரு?" ஆசைப்பட்டு வாங்குபவனும் விற்பவனும் விலையைப் பார்த்து நிற்பார்கள், யோசிப்பார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடுவார்கள். கட்டாயத்தில் இருப்பவன் நிற்கமாட்டான். விலையை நகர்த்துபவன் அவன்தான்.

இதை வைத்துக்கொண்டு நிஷிகசாய் தம்பியின் இரண்டு ஏவுகணைகளையும் பார்ப்போம்.

2017இல் ஜப்பானில் வட்டி பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.1. உலகம் முழுக்கப் பெரிய ஆட்கள் யென்னில் கடன் வாங்கி, அதை டாலராகவோ ஆஸ்திரேலிய டாலராகவோ மாற்றி, அங்கே கிடைக்கிற வட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் வட்டிக்கடைக் கணக்குதான், பெயர் மட்டும் கேரி டிரேட். அப்போது அமெரிக்க வட்டியே 1, 1.25 சதவீதம். அந்த ஒன்றேகால் காசு லாபத்துக்காக எவன் ஏவுகணைக்கு நடுவே உட்கார்ந்திருப்பான்? கணக்கை முடி, கடனை அடை என்று ஓடுகிறான். கடன் யென்னில் இருக்கிறது. அடைக்க யென் வாங்கியாக வேண்டும். யென் ஏறுகிறது. ஜப்பானை நம்பி யாரும் வாங்கவில்லை, கடனை அடைக்க வாங்கினார்கள்.

இதைவிடப் பெரிய உதாரணம் 2011. மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமி, அணு உலை. டாலருக்கு 83 பக்கம் இருந்த யென், ஒரு வாரத்துக்குள், மார்ச் 17 விடியலில் 76.25க்குப் போனது. ஜப்பான் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இழப்பீடு கொடுக்க வெளிநாட்டுச் சொத்தை விற்றுப் பணத்தை ஊருக்குக் கொண்டுவரப்போகின்றன என்று ஒரு வதந்தி. அவர்கள் கொண்டுவந்தார்களோ இல்லையோ, கொண்டுவருவார்கள் என்று பயந்தவர்களின் ஸ்டாப் லாஸ் (நஷ்டம் ஓர் அளவைத் தாண்டினால் தானாகக் கணக்கை முடிக்கும் உத்தரவு) வரிசையாக வெடித்தது. மறுநாள் ஜி7 நாடுகள் ஒன்றுசேர்ந்து யென்னை விற்றுத்தான் அடக்கினார்கள்.

2022இல் கட்டாயம் இடம் மாறிவிட்டது. ஜப்பானுக்குச் சொந்தமாக எண்ணெய் கிடையாது, எரிவாயு கிடையாது. போரால் விலை ஏறியதும் அங்கே இறக்குமதி செய்பவன் ஒவ்வொரு மாதமும் முன்னைவிட அதிக டாலர் வாங்கியாக வேண்டும். அந்த வருடம் ஜப்பானின் வர்த்தகப் பற்றாக்குறை ஏறக்குறைய 20 லட்சம் கோடி யென், அதுவரை இல்லாத அளவு. இன்னொரு பக்கம் அமெரிக்காவில் விலைவாசி ஜூனில் 9.1 சதவீதம். ஃபெட் (அமெரிக்க மத்திய வங்கி) மார்ச்சில் வட்டியை ஏற்ற ஆரம்பித்து டிசம்பரில் 4.5க்குக் கொண்டுபோய்விட்டது. ஜப்பான் மைனஸ் 0.1இலேயே உட்கார்ந்திருந்தது. யென்னில் கடன் வாங்கியவனுக்குச் சும்மா இருந்தாலே வருடத்துக்கு 3, 4 சதவீதம். அவன் ஏவுகணை போகிறதா என்று ஜன்னலைக்கூடத் திறந்து பார்க்கமாட்டான்.


#4 இரண்டாமாண்டு

ஐயா, நான் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். போர் நடக்கிற நாட்டின் நாணயம் விழும் என்று வகுப்பில் எழுதிப்போட்டார்கள். ஆனால் ரூபிள் 2022இல் போருக்கு முன்பு இருந்ததைவிட ஏறியதாகப் படித்தேன். பரீட்சையில் எதை எழுதுவது?


#5 பழைய டீலர்

பரீட்சையில் வகுப்பில் சொன்னதையே எழுதப்பா, மார்க் முக்கியம்.

ரூபிள் முதலில் விழத்தான் செய்தது. பிப்ரவரி 24க்கு முன் டாலருக்கு 80 பக்கம், மார்ச் தொடக்கத்தில் 120 தாண்டியது. ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலர் வெளிநாடுகளில் முடக்கப்பட்டது. டாலரை விற்று ரூபிளைத் தாங்க வழியில்லை. என்ன செய்தார்கள்? பிப்ரவரி 28 அன்று வட்டியை 9.5இலிருந்து ஒரே அடியாக 20 சதவீதம் ஆக்கினார்கள். ஏற்றுமதி செய்பவன் சம்பாதிக்கிற அந்நியப் பணத்தில் 80 சதவீதத்தை விற்றே ஆகவேண்டும் என்று உத்தரவு. வெளிநாட்டவன் ரஷ்யப் பங்கை விற்று வெளியேறக் கூடாது. சாதாரண மனிதன் டாலர் வாங்கினால் கமிஷன்.

இப்போது என் கேள்வியைப் போட்டுப் பார். டாலர் விற்றே ஆகவேண்டியவன்: எண்ணெய், எரிவாயு ஏற்றுமதி செய்பவன், அதுவும் நல்ல விலை கிடைக்கிற நேரத்தில். டாலர் வாங்கியே ஆகவேண்டியவன்: யாருமில்லை. தடையால் இறக்குமதியே படுத்துவிட்டது. ஜூன் கடைசியில் டாலருக்கு 52, 53 ரூபிள். ஏழு வருடத்தில் காணாத பலம். ஆனால் அதைப் பலம் என்று சொல்வதா என்பது வேறு. கதவைப் பூட்டிவிட்டு வீட்டை விட்டு யாரும் போகவில்லை என்பது போல. பூட்டு தளர்ந்து இறக்குமதி திரும்பியதும் 2023 ஆகஸ்டில் 100ஐத் தாண்டியது, அவசரமாகக் கூடி வட்டியை 8.5இலிருந்து 12 ஆக்கினார்கள்.


#6 வெள்ளவத்தை

பழைய டீலர் ஐயா சொல்வதைக் கேட்க எங்கள் 2022 ஞாபகம் வருகிறது. எங்களிடம் பூட்டும் இருக்கவில்லை, விற்கிற எண்ணெயும் இருக்கவில்லை.

பல மாதமாக டொலர் 200 ரூபாய் சொச்சம் என்று மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. வங்கியில் அந்த விலைக்குக் கேட்டால் டொலர் இல்லை. வெளியே, வங்கி இல்லாமல் பணம் மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரரிடம் அதைவிடக் கூட விலை. கட்டாரில் இருந்த என் தம்பியே வங்கி வழியாக அனுப்புவதை நிறுத்திவிட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஆயிரக்கணக்கானோர் செய்ததில் வங்கிகளுக்கு வந்துகொண்டிருந்த டொலரும் வற்றியது. மார்ச் 7ஆம் திகதி விலையை விட்டுவிட்டார்கள். மே மாதம் 360. இடையில் ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு.

உக்ரைன் போர் எங்கள் நெருக்கடியை உண்டாக்கவில்லை. அது முதலே கனிந்து கிடந்தது. ஆனால் அந்தக் கிழமைகளில் எங்கள் கடற்கரைகளில் நின்ற உல்லாசப் பயணிகளில் ரஷ்யரும் உக்ரேனியரும்தான் அதிகம். தேயிலை வாங்குபவர்களிலும் ரஷ்யா முக்கியம். எண்ணெய் விலையோ ஏறுகிறது. வருகிற டொலர் குறைய, போகிற டொலர் கூட, ஒரே மாதத்தில். பெற்றோல் வரிசையில் என் கணவர் காரிலேயே இரண்டு இரவு படுத்திருக்கிறார். இரவுச் சாப்பாட்டை நான் பார்சல் கட்டிக்கொண்டு நடந்து போவேன். வரிசையில் முன்னால் நின்றவருக்கும் சேர்த்துக் கட்டுவது வழக்கமாகிவிட்டது, அவர் எங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்வார்.


#7 ஷார்ஜா மச்சான்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ரூபாய் விழுந்தால் எங்களுக்கு இங்கே தீபாவளி. திர்ஹாம் டாலரோடு கட்டிப்போட்டது, 1 டாலருக்கு 3.6725, 1997இலிருந்து மாறவில்லை. அதனால் நாங்கள் பார்ப்பது ரூபாயை மட்டும்தான். 2025இல் ஒரு திர்ஹாம் 24 ரூபாயைத் தாண்டியதும் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ரூமில் ஒருத்தன் இன்னும் விழும் இன்னும் விழும் என்று நாலு மாசச் சம்பளத்தைக் கையிலேயே வைத்திருந்தான். வீட்டில் மாமியார் ஆபரேஷனுக்குப் பணம் கேட்டதும் கிடைத்த விலைக்கு அனுப்பினான்.

நிஷிகசாய் நண்பா, பேசாமல் இங்கே வந்துவிடுங்கள்.


#8 பழைய டீலர்

மச்சான், வளைகுடா தீபாவளி எப்போதும் தீபாவளியாக இருக்காது. 1990 ஆகஸ்ட் 2, சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்த நாள். நான் அப்போது டெஸ்கில் சின்னப் பையன். எண்ணெய் விலை ஏறியது. குவைத்திலிருந்து பணம் வருவது நின்றது. பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களே விமானத்தில் வந்து இறங்கினார்கள், சுமார் 1,70,000 பேர். அடுத்த கோடையில் நாட்டின் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டும்தான் தாங்கும் என்ற நிலை. 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தோம். 1991 ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாயில் இருந்த டாலர் 26 ஆனது.

முதல் குறைப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு நாள். இன்னொன்று வருமா வராதா என்று அறையில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மதியம் எங்கள் தலைமை டீலர் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவே இல்லை.


#9 பனியன் கம்பெனி

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். சின்ன யூனிட், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் டி-ஷர்ட். ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்காரனுக்குக் கொண்டாட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரூபாய் விழுந்த வாரமே பையரிடமிருந்து மெயில் வரும்: உங்கள் நாணயம் பலவீனமாகிவிட்டதே, அடுத்த ஆர்டரில் விலையைக் குறைக்கலாமே. ஏறும்போது இப்படி ஒரு மெயில் வந்து நான் பார்த்ததில்லை.

2025இல் நான் பட்டதைக் கேளுங்கள். ஜூன் 13 இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. எண்ணெய் ஒரே நாளில் 7 சதவீதம் ஏறியது. ரூபாய் 86ஐத் தாண்டியது. என்னிடம் 50,000 டாலர் வரவேண்டியது இருந்தது. பேங்க்கில் ஃபார்வர்ட் போடச் சொன்னார்கள், அதாவது பின்னால் வரும் டாலருக்கு விலையை இப்போதே பேசி முடிப்பது. போர் பெரிதாகும், 88 போகும், பிறகு போடலாம் என்று இருந்தேன். ஜூன் 22 அமெரிக்காவும் குண்டு போட்டது. திங்கள்கிழமை ரூபாய் 86.75 பக்கம். நான் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். செவ்வாய் காலை எழுந்தால் போர் நிறுத்தம். எண்ணெய் சரிந்துவிட்டது, ரூபாய் 86க்குத் திரும்பிவிட்டது. ஒரே ராத்திரி.

ஜூலையில் 85.50 பக்கம் வந்ததும் பயம் பிடித்தது. இன்னும் கீழே போனால் என்று அலறியடித்து மூன்று மாதத்துக்கு ஃபார்வர்ட் போட்டேன், பிரீமியம் சேர்த்து 86க்குக் கொஞ்சம் கீழே. ஆகஸ்ட் 27 அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி. இரண்டே நாளில் ரூபாய் 88ஐத் தாண்டியது. அக்டோபரில் என் டாலரை 86க்குக் கொடுக்கும்போது வெளியில் 88.70. டாலருக்கு இரண்டே முக்கால் ரூபாய், 50,000 டாலருக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

போரை நம்பினேன், போர் நின்றது. அமைதியை நம்பினேன், வரி வந்தது.


#10 மெழுகுவர்த்தி

அண்ணாச்சி, இவ்வளவு சொன்ன பிறகு நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மேலே சார்ட் சார்ட் என்று குதித்தேன் அல்லவா. 2024 ஜூலையில் யென் 161இல் இருந்தபோது நானும் இன்னும் இறங்கும் என்று யென்னை விற்றிருந்தேன். ஒரு வெளிநாட்டு ஆப், 1க்கு 100 லிவரேஜ், அதாவது கையில் 1 ரூபாய் இருந்தால் 100 ரூபாய்க்கு ஆடலாம். ஆப் பெயர் வேண்டாம்.

ஜூலை 31 பாங்க் ஆஃப் ஜப்பான் வட்டியை 0.25 ஆக்கியது. அதே நாள் டெஹ்ரானில் ஹமாஸ் தலைவர் ஹனியே கொல்லப்பட்டார். டிவியைப் போட்டால் போர், போர். ஆகஸ்ட் 2 வெள்ளி மாலை 6 மணிக்கு அமெரிக்க வேலைவாய்ப்பு எண். டீயை வைத்துவிட்டு மனைவி ஏதோ கேட்டாள், கை காட்டினேன், இரு என்று. 1,14,000. எதிர்பார்த்தது 1,75,000 பக்கம். வேலையின்மை 4.3 சதவீதம். ஸ்க்ரீன் சிவப்பானது. டீ ஆறியது. சனி, ஞாயிறு சந்தை இல்லை. அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமும் இல்லை. திங்கள் ஆகஸ்ட் 5, ஜப்பான் பங்குச் சந்தைக் குறியீடு நிக்கேய் ஒரே நாளில் 4,451 புள்ளி, 12.4 சதவீதம் போச்சு. யென் 141.7. என் கணக்கு அதற்கு வெகு முன்னாலேயே தானாக மூடிக்கொண்டது. மனைவிக்கு இன்றுவரை முழுத் தொகை தெரியாது.

என் கேள்வி, அன்றைக்கு யென்னை ஏற்றியது போர் பயமா, வேலை எண்ணா, ஜப்பான் வட்டியா?


#11 மட்டுறுத்துநர்

இடையில் ஒரு வார்த்தை. இந்தியாவில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட வெளிநாட்டு ஆப்களில் நாணய வர்த்தகம் செய்வது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது, நடவடிக்கை வரும். ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டு வைத்திருக்கிறது. ஆப் பெயர், லிங்க், "டிப்ஸ்" எதையும் இங்கே போடாதீர்கள். உரையாடல் தொடரட்டும்.


#12 பழைய டீலர்

மெழுகுவர்த்தித் தம்பி, மூன்றும்தான். ஆனால் மூன்றும் தீக்குச்சிகள். வைக்கோல் போர் நீங்கள்தான். தப்பாக நினைக்காதே, உன்னைப் போல லட்சக்கணக்கானோரும், உன்னைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஃபண்டுகளும். எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்த படகு. ஜப்பான் வட்டி ஏறியது, கடன் விலை கூடியது. அமெரிக்க எண் குறைந்தது, அங்கே வட்டி இறங்கும் என்று ஆனது. இரண்டு பக்கமும் நெருக்க, மார்ஜின் (நஷ்டத்துக்கு ஈடாகக் கட்டவேண்டிய பணம்) போட முடியாதவன் யென் வாங்கியே ஆகவேண்டும். அவன் வாங்கியதில் விலை ஏற, அடுத்தவனுக்கு மார்ஜின் கால்.

ஆதாரம் வேண்டுமா? மறுநாளே நிக்கேய் 3,217 புள்ளி ஏறியது. ஆகஸ்ட் 7 அன்று பாங்க் ஆஃப் ஜப்பான் துணை ஆளுநர் உச்சிதா, சந்தை நிலையில்லாமல் இருக்கும்போது வட்டியை ஏற்றமாட்டோம் என்றார். யென் இறங்கியது. ஈரான் பதற்றம் அப்போதும் அப்படியே இருந்தது, அது தீரவில்லை. பயம்தான் காரணம் என்றால் யென் ஏன் இறங்க வேண்டும்?

இன்னொன்று. அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 11. அமெரிக்க விலைவாசி எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. டாலர் தானாகவே இறங்க ஆரம்பித்த அந்த நேரம் பார்த்து ஜப்பான் நிதியமைச்சகம் டாலரை விற்றது. அன்றும் மறுநாளும் சேர்த்து 5.5 லட்சம் கோடி யென். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் 9.8 லட்சம் கோடி செலவு செய்து எதிர்க்காற்றில் நின்று பார்த்தவர்கள். அனுபவம் பேசுகிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார்கள். 161 வரை போனதை நான்கு யென் இழுத்தார்கள். ஒரு டீலராக அதை நான் ரசித்தேன்.


#13 இரண்டாமாண்டு

ஐயா, 1,14,000 பேருக்குப் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது. அது நல்ல செய்திதானே, அதற்கு ஏன் சந்தை விழ வேண்டும்?


#14 பழைய டீலர்

கல்யாண வீட்டில் 175 பேருக்கு இலை போட்டாயிற்று, சோறு வடித்தாயிற்று. வந்தது 114 பேர். 114 பேர் வந்தது சந்தோஷம்தான். ஆனால் சமையல்காரர் அடுத்த பந்திக்கு உலையை இறக்கிவிடுவார். சந்தை பார்ப்பது வந்த ஆட்களை இல்லை, போட்ட இலையை.

இது இரண்டு பக்கமும் வெட்டும். 2025 டிசம்பர் 19 அன்று பாங்க் ஆஃப் ஜப்பான் வட்டியை 0.75 ஆக்கியது. 30 வருடத்தில் இல்லாத உயரம். யென் ஏறியிருக்க வேண்டுமே? அன்றைக்கு இறங்கியது. வட்டி ஏறும் என்பது முன்பே தெரியும், இலை போட்டாகிவிட்டது. அடுத்தது எப்போது என்று ஆளுநர் உவேதா வாயைத் திறப்பார் என்று காத்திருந்தார்கள், அவர் பிடி கொடுக்கவில்லை.

இலையை எண்ணுகிறவரே தப்பாக எண்ணியிருந்தால்? 2025 ஆகஸ்ட் 1. அமெரிக்காவில் ஜூலைக்கு 73,000 வேலை என்று எண் வந்தது. கூடவே மே, ஜூன் மாதங்களுக்கு முன்பு சொன்னதில் 2,58,000 வேலை குறைவு என்று திருத்தம். டாலர் 150.5 யென்னுக்கு மேலிருந்து ஒரே மாலையில் 147 பக்கம் விழுந்தது. அன்றே அதிபர் டிரம்ப் அந்தப் புள்ளிவிவரத் துறைத் தலைவரையே வேலையை விட்டு நீக்கினார். அந்த வருடம் அக்டோபர் 1இலிருந்து 43 நாள் அமெரிக்க அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தபோது எண்ணே வரவில்லை. டீலர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கில்லி ஆடினார்கள்.


#15 ஷார்ஜா மச்சான்

இதைத்தான் நான் சொல்கிறேன். எண்ணையே நம்ப முடியாத நாட்டின் பணத்தை எதற்கு உலகம் வைத்துக்கொள்ள வேண்டும்? டாலர் கதை முடிந்தது. 2025 ஏப்ரல் 2 டிரம்ப் வரி அறிவித்ததும் என்ன நடந்தது? உலகமே பயந்தது, ஆனால் டாலரை வாங்கவில்லை, விற்றது. அந்த அரையாண்டில் டாலர் குறியீடு (மற்ற முக்கிய நாணயங்களோடு ஒப்பிட்ட டாலரின் மதிப்பு) 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 1973க்குப் பிறகு இவ்வளவு மோசமான முதல் அரையாண்டு இல்லை. தங்கம் வாங்குங்கள்.


#16 நிஷிகசாய்

மச்சான் சொன்னதையே நானும் கேட்க வந்தேன், தங்கம் தவிர. பங்கும் விழுந்தது, அமெரிக்கக் கடன்பத்திரமும் விழுந்தது, டாலரும் விழுந்தது. மூன்றும் சேர்ந்து விழுவதைப் பார்க்க ஏதோ வளரும் நாட்டைப் பார்ப்பது போல இருந்தது. ஐயாவின் கட்டாயக் கேள்வி இங்கே என்ன சொல்கிறது?


#17 பழைய டீலர்

இதில் நானே தடுமாறினேன், உண்மையைச் சொல்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் என்னிடம் கேட்டவர்களிடம் டாலர் ஏறும் என்றுதான் சொன்னேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தால், கேள்வி சரி, நான் தேடிய இடம்தான் தப்பு. பல வருடமாக ஐரோப்பாவின் பென்ஷன் ஃபண்டுகள், ஜப்பான், தைவான் இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் அமெரிக்கப் பங்கிலும் பத்திரத்திலும் பணத்தைக் குவித்திருந்தார்கள். டாலர் விழும் என்று யாரும் காப்பு எடுத்து வைக்கவில்லை, அல்லது பாதிக்குத்தான் எடுத்தார்கள். பங்கு விழுந்தால் டாலர் ஏறும், ஒன்றை ஒன்று ஈடுகட்டும் என்பது பழைய பழக்கம். பயம் அமெரிக்காவுக்குள்ளிருந்தே கிளம்பியதும் அந்தப் பழக்கம் உடைந்தது. காப்பு எடுக்காதவன் எடுத்தே ஆகவேண்டும். காப்பு எடுப்பது என்றால் டாலரை முன்கூட்டி விற்பது. விற்றார்கள். ஏப்ரல் 9 அன்று பெரும்பாலான வரியை 90 நாள் தள்ளிவைத்ததும் பங்குச் சந்தை துள்ளி எழுந்தது, டாலர் மட்டும் எழவில்லை. விற்கவேண்டியவர்கள் இன்னும் விற்று முடிக்கவில்லை.

ஆனால் மச்சான், கதை முடிந்தது என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். 2025 ஏப்ரலில் சர்வதேசத் தீர்வு வங்கி எடுத்த கணக்கில் உலகில் ஒரு நாளைக்கு நடக்கும் நாணய வர்த்தகம் 9.6 லட்சம் கோடி டாலர். அதில் 89 சதவீதத்தில் ஒரு பக்கம் டாலர்தான். நீங்களும் திர்ஹாம் என்ற பெயரில் டாலரில்தான் சம்பளம் வாங்குகிறீர்கள். விலை இறங்குவது வேறு, கடையைக் காலி செய்வது வேறு.


#18 வெள்ளவத்தை

எங்களுக்கு டொலர் முடிந்த கதை தெரியும் மச்சான். 2022இல் எங்களிடம்தான் முடிந்தது. நீங்கள் சொல்வது அதுவல்ல.


#19 ஷார்ஜா மச்சான்

அக்கா சொன்ன பிறகு அப்பீல் இல்லை. (தங்கம் மட்டும் நான் சொன்னது சரியாகப் போனது என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.)


#20 பனியன் கம்பெனி

டீலர் சார், எனக்கு ஒரே ஒரு விஷயம். ஃபார்வர்ட் போடுவதா வேண்டாமா?


#21 பழைய டீலர்

ஆர்டர் எடுக்கும்போது எந்த விலையில் கணக்குப் போட்டாய்? அந்த விலைக்கு ஃபார்வர்ட் கிடைத்தால் பாதியாவது போடு. மீதியை வைத்துக்கொண்டு போரோ வரியோ பார். ஜூலையில் நீ நஷ்டப்படவில்லை, 86க்குக் கணக்குப் போட்ட சரக்குக்கு 86 வாங்கினாய். 88.70 உன் காசே இல்லை. சொன்னால் மனசு கேட்காது, தெரியும். நானும் 22 வருடம் இதை ஏற்றுமதிக்காரர்களிடம் சொல்லிவிட்டு, என் மகள் அமெரிக்காவில் படித்தபோது ஃபீஸ் கட்ட டாலர் இறங்கும் என்று ஆறு வாரம் காத்திருந்தவன்தான். 2013. மே மாதம் 55 ரூபாய், ஆகஸ்ட் 28 அன்று 68.80. ஃபெட் சந்தையில் விடும் பணத்தைக் குறைக்கும் என்ற பேச்சு ஒரு பக்கம், சிரியா மேல் அமெரிக்கா குண்டு போடும் என்ற பேச்சு ஒரு பக்கம். ரிசர்வ் வங்கி எண்ணெய்க் கம்பெனிகளுக்குத் தனி ஜன்னல் திறந்து நேரடியாக டாலர் கொடுத்ததும்தான் மூச்சு வந்தது. தினமும் வாங்கியே ஆகவேண்டியவனைச் சந்தையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள் பார். நான் அதற்கு முதல் நாள் கட்டிவிட்டேன்.


#22 நிஷிகசாய்

ஐயா, இது போதும், தெம்பு வந்துவிட்டது.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த டிசம்பர் 19க்காகக் காத்திருந்தேன். வட்டி ஏறும், யென் ஏறும், அப்புறம் அனுப்பலாம் என்று அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத் தொகையையும் சேர்த்து வைத்தேன். வட்டி ஏறியது, யென் இறங்கியது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து அனுப்பினேன். 1 லட்சம் யென்னுக்கு 57,000 ரூபாய் சொச்சம் வந்தது. 2024இல் வந்த 52,000க்கு இது தேவலாம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது, யென் பெரிதாக ஏறவில்லை, ரூபாய் டாலருக்கு 90 பக்கம் விழுந்திருக்கிறது. யென் கிடந்த இடத்திலேயே கிடக்க, ரூபாய் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மா போன் செய்தார். இந்த முறை ஜாஸ்தி வந்திருக்கே, சம்பளம் ஏறிடுச்சா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.